உள்ளிருந்து தட்டும் கை

விளக்கு வைக்கிற நேரம் நெருங்கினாலே அமல்ராணி வாசல் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிடுவாள். பகலெல்லாம் செல்வி சாதுவான பிள்ளைதான். கேப்பங்கூழ் கொடுத்தால் குடிப்பாள். தொட்டிலை ஆட்டச் சொன்னால் ஆட்டுவாள். அமல்ராணி மண்டியிலிருந்து கொண்டுவரும் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, எதிரில் உட்கார்ந்து உடைத்துப் போடுவாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள், அவ்வளவுதான். ஆனால் வெயில் இறங்கி மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்ததும், கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய் வாசல் கதவைச் சாத்துவாள். கதவை ஒட்டினாற்போல் உட்புறத் தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்வாள். பிறகு தட்ட ஆரம்பிப்பாள்.

தட்டுவது என்றால் நீங்களும் நானும் தட்டுகிற மாதிரி இல்லை. இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்குவாள். வலது கை உயிரில்லாமல் தொங்கும். அதைக் கொண்டுபோய்க் கதவின் அடிப்பலகையில் மோதுவாள். நிறுத்திக் காது கொடுப்பாள். மறுபடி மோதுவாள். இருட்டுக் கட்டும் வரைக்கும் இதே வேலை. அப்புறம் அங்கேயே தூங்கிப்போவாள். தூக்கிக்கொண்டுவந்து பாயில் கிடத்தும்போது அந்த வலது கை மட்டும் சில்லிட்டிருக்கும்.

கதவு பூட்டியிருக்காது. இழுத்தால் வந்துவிடும். வெளியே போக அந்தப் பிள்ளைக்கு ஒரு தடையும் இல்லை. அப்படியிருக்க உள்ளேயிருந்துகொண்டு யாரைக் கூப்பிடுகிறாள் என்பதுதான் திண்டிவனத்தில் அந்தத் தெரு முழுக்கப் பேச்சாக இருந்தது.

முழுப்பெயர் இருதயசெல்வி. அமல்ராணியின் அக்காள் லூர்துமேரி விழுப்புரத்தில் பெற்ற ஒரே பெண், ஏழு வயசு. அப்பன் பெரியநாயகம் யுத்தத்துக்குச் சாலை போடும் கூலியாக அஸ்ஸாம் பக்கம் போனவன். போனவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இந்த ஆடி மாதம் விழுப்புரத்தில் வாந்திபேதி புகுந்தது. அக்காள் செத்த சேதி அமல்ராணிக்கு வந்து சேர்ந்தபோது அங்கே மண்ணள்ளிப் போட்டு முடித்திருந்தார்கள். பிள்ளையை முனிசிபாலிட்டி ஆட்கள் கோயில் உபதேசியாரிடம் விட்டிருந்தார்கள். நோய் கண்ட தெருவுக்குள் அமல்ராணியை யாரும் விடவில்லை. கோயில் வாசலிலேயே பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வைத்தியம் பார்க்கவில்லை என்று யாரும் அவள்மேல் குறை சொல்ல முடியாது. திண்டிவனத்துக் கோயில் உபதேசியார் தீர்த்தம் தெளித்து அந்தோணியார் கயிறு கட்டினார். பிள்ளை பணிவாகக் கழுத்தை நீட்டிக் கட்டிக்கொண்டு, அன்று சாயங்காலமும் தட்டினாள். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், நரம்பு பலவீனம் என்று சொல்லி ரோஸ் கலரில் ஒரு மருந்து கலந்து கொடுத்தார். அதைக் குடித்த பிள்ளை அந்தி நேரம் அடித்துப்போட்டது போலத் தூங்கினாள். தூக்கத்திலேயே இடது கை வலது கையைப் பிடித்துத் தரையில் மோதிற்று. அதைப் பார்த்த பிறகு அமல்ராணி அந்தப் புட்டியைத் தொடவில்லை. மல்லாட்டை மண்டியில் எடை போடும் கோதண்டபாணிக்கு வேறொரு யோசனை. பயந்த பிள்ளையைப் பயமுறுத்தித்தான் தெளிய வைக்க வேண்டுமாம். பின்னால் வந்து நின்று ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டான். செல்வி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. தொட்டிலில் கிடந்த அமல்ராணியின் கைக்குழந்தை தொம்மைதான் வீறிட்டு, அன்றைக்கு முழுக்கப் பால் குடிக்காமல் அழுதான். வைத்தியருக்கு நல்ல பேர்தான்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னாலும் எல்லாரும் ஒரு விஷயத்தை ஒன்றுபோலச் சொன்னார்கள். பிள்ளை தட்டும்போது மட்டும் யாரும் பதில் குரல் கொடுத்துவிடக் கூடாது. வாந்திபேதி காலத்தில் அந்தி நேரத்தில் ஒருத்தி தெருவில் நடந்து வருவாள், வீடு வீடாகத் தட்டுவாள், யார் என்று கேட்ட வீட்டுக்குள் நுழைந்துவிடுவாள் என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. இந்துக்கள் வீட்டில் நிலையில் வேப்பிலை செருகுவார்கள். கிறிஸ்தவர்கள் சுண்ணாம்பால் சிலுவை போடுவார்கள். வாயை மூடிக்கொள்வதில் மட்டும் ரெண்டு பேருக்கும் வித்தியாசம் கிடையாது. எனவே செல்வி தட்டும் நேரம் முழுக்க அமல்ராணியும் அவள் புருஷன் தேவசகாயமும் மூச்சுக்கூட விடாமல் சுவரோரம் உட்கார்ந்திருப்பார்கள்.

கடைசியில் முனியம்மாள் வந்தாள். கீரை விற்கிறவள், ஆனால் பயந்த பிள்ளைகளுக்குப் படிகாரம் சுற்றிப் போடுவதில் அவள் கைக்கு ஒரு பேர் உண்டு. ஒரு துண்டு படிகாரத்தைப் பிள்ளையின் தலைமுதல் கால்வரை சுற்றி நெருப்பில் போட்டாள். அது கொதித்து, நுரைத்து, உப்பி, வெள்ளையாக இறுகியது. எதைக் கண்டு பிள்ளை பயந்ததோ அந்த உருவம் அதில் வரும் என்பது நம்பிக்கை. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

"பொம்பள. படுத்துனு இருக்கா. ஒரு கைய மட்டும் தூக்கிக்கினு கீறா பாரு" என்றாள் முனியம்மாள்.

படிகாரத்தில் நாம் எதைத் தேடுகிறோமோ அதுதான் தெரியும் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். அமல்ராணி எதையும் தேடவில்லை. கும்பிட்டுக்கொண்டு வேறெங்கோ பார்த்தவள், திரும்பியதும் அதைத்தான் பார்த்தாள். தரையோடு கிடந்த ஒரு பெண். மேலே எழும்பிய ஒற்றைக் கை.

"ஒங்க அக்காதான். போவல அவ. பொண்ணு கையில ஒக்காந்துகினா. அதான் அந்தக் கை அப்பிடித் தொங்குது. ஆளு வேணும்னு தட்டிக்கினே இருக்கா. யாருனா ஒருத்தர இட்டுக்கினுதான் போவா" என்றாள் முனியம்மாள்.

அந்த வாரமே தொம்மைக்குக் காய்ச்சல் கண்டது. அதுவரை வாயைத் திறக்காமலிருந்த தேவசகாயம் அன்றைக்குப் பேசினான். கெட்ட மனுஷன் இல்லை. மூட்டை தூக்கிக் காய்ந்த தோளில் செல்வியைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகிறவன். ஆனால் பெற்ற பிள்ளையின் நெற்றி கொதிக்கும்போது யாருக்கு நிதானம் இருக்கும்?

"வெள்ளிக்கிழம சாயங்காலம் முனிம்மா வந்து சூடு போடட்டும். தட்டுற நேரத்துல அந்தக் கையிலியே போடணுமாம். அப்பதான் எறங்கி ஓடுமாம்" என்றான்.

"கொழந்தைங்க அது. கை வெந்துடும்."

"இதுவும் கொழந்தைதான அமலு" என்று தொட்டிலைக் காட்டினான். அவள் குனிந்து தொம்மையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சூடு போடுவதற்கு முன் பிள்ளை பயந்த இடத்து மண் வேண்டும், லூர்துமேரி வீட்டு வாசப்படியில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு வா என்று முனியம்மாள் சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை காலைப் பாசஞ்சரில் அமல்ராணி ஏறினாள். வண்டி மயிலம் தாண்டி, விக்கிரவாண்டி தாண்டிப் போகிற வரைக்கும் மனசுக்குள் அக்காளைத் திட்டிக்கொண்டே போனாள். செத்தும் பெற்ற பிள்ளையை விடமாட்டாயா அக்கா, அப்படி என்ன வேண்டும் உனக்கு என்று கேட்டாள். கேட்கும்போதே அழுகை வந்தது. செல்வியின் கை அவளுக்கு மனப்பாடம். சுட்டுவிரல் ஓரத்தில் ஒரு மச்சம். இன்று சாயங்காலம் அதன்மேல் பழுக்கக் காய்ச்சிய கம்பி விழப்போகிறது.

விழுப்புரத்தில் ரயிலடிக்குப் பின்னால் இருந்த அந்தத் தெருவில் பாதி வீடுகள் காலி. நோய் போய்விட்டது, ஆனால் ஜனங்கள் திரும்பவில்லை. நட்டநடுப் பகலில் ஒரு கோழிகூட நடமாடவில்லை. எதிர்வீட்டுப் பொன்னி மட்டும் முறத்தோடு வெளியே வந்தாள்.

"மேரி தங்கச்சியா நீ? அந்த வூட்டாண்ட போவாதம்மா" என்றாள்.

அமல்ராணி போனாள். கதவு சாத்தி, வெளியே சங்கிலி நாதாங்கியில் மாட்டியபடி இருந்தது. நிலையில் காய்ந்த வேப்பிலை தொங்கிற்று. யாரோ பக்கத்து வீட்டார் செருகியது. சங்கிலியைத் தொடக் கை வராமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனவள் திகைத்து நின்றுவிட்டாள். பின்சுவர் ஆள் நுழையும் அளவுக்கு இடிந்து கிடந்தது. முன்வாசல் கதவு மாட்டியே இருக்க, வீட்டின் முதுகு திறந்து கிடந்தது.

"முனிசிபாலிட்டி ஆளுங்கதான் இடிச்சாங்க" என்றாள் பின்னாலேயே வந்த பொன்னி. "மொதல்ல சங்கிலிய எடுத்துட்டுக் கதவத் தள்ளிப் பார்த்தாங்க. தொறக்கல. இடுக்குல பார்த்தா, உள்ளாற மேரி கதவு மேலயே சாஞ்சாப்ல கெடந்துகிறா. தள்ள மனசு வரல போல. சங்கிலிய மாட்டிட்டு இப்பிடி வந்து இடிச்சி, பொண்ணத் தூக்கினு போனாங்க. மூஞ்சியெல்லாம் துணியக் கட்டிக்கினு, பவுடரக் கொட்டிக்கினு."

"வெளிய சங்கிலிய யார் மாட்னது?"

பொன்னி முறத்தைப் பார்த்தாள். "யாருன்னு சொல்றது? மேரி நடமாட்டத்தையே காணோம். பொண்ண ஒங்க வூட்டுக்கு அனுப்பிட்டு அவ போய் சேர்ந்துட்டான்னு நெனச்சோம். பொணத்தாண்ட நாய் பூந்துடப் போவுதுன்னு யாரோ மாட்டிட்டாங்க. சத்தியமா பொண்ணு உள்ள இருந்தது தெரியாதும்மா."

"சத்தம் கேக்கலியா?"

"கேட்டுது" என்றாள் பொன்னி. குரல் இறங்கிப்போயிற்று. "அந்தி நேரத்துல தட்ற சத்தம் வந்துது. கூப்புட்ற கொரலே இல்ல. வெறும் தட்ற சத்தம். அவதான் தெருவுல வந்துட்டான்னு நாங்க எல்லாம் வாயப் பொத்திக்கினு கெடந்தோம். மறாநாளும் வந்துது. அப்பறம் நின்னுபோச்சி."

அமல்ராணி இடிந்த சுவர் வழியாக உள்ளே நுழைந்தாள். பிளீச்சிங் பவுடர் நெடி இன்னும் போகவில்லை. வாசல் கதவை ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைக் கையால் கூட்டினாள். மண்ணோடு பச்சைக் கண்ணாடித் துண்டுகள் வந்தன. அக்காள் போட்டிருந்த வளையல். நிமிர்ந்து பார்த்தால் கதவின் அடிப்பலகையில், தரைக்கு ஒரு சாண் உயரத்தில், கீறல்கள். நிற்கிறவள் தட்டினால் அங்கே படாது. உட்கார்ந்து தட்டினாலும் படாது. தரையோடு படுத்துக் கிடக்கிற ஒருத்தியின் கைதான் அங்கே படும்.

அப்படியென்றால் அக்காள் உயிரோடு இருந்திருக்கிறாள். வெளியே சங்கிலி விழுந்த பிறகும் உயிரோடு இருந்திருக்கிறாள்.

வெளியே பொன்னி வாசல் பக்கம் வந்து நின்றுகொண்டு, மண்ணை எடுத்துக்கொண்டு சீக்கிரம் வெளியே வரும்படி சொல்லிக்கொண்டே இருந்தாள். அமல்ராணி எதற்கென்று தெரியாமலே தன் கையை எடுத்து அந்தக் கீறல் விழுந்த இடத்தில் தட்டினாள்.

பொன்னியின் பேச்சு சட்டென்று நின்றது.

மறுபடி தட்டினாள். உள்ளே இருப்பது யார் என்று பொன்னிக்கு நன்றாகத் தெரியும். கண்ணெதிரே நுழைந்தவள்தானே. ஆனாலும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கதவிடுக்கில் அவள் காலடி பின்வாங்கிப் போகும் ஓசை மட்டும் கேட்டது. அந்த அரையிருட்டில், அந்தப் பலகைக்கு இப்பாலே உட்கார்ந்திருந்த அமல்ராணிக்கு உலகத்தில் தன்னைத் தவிர யாருமே இல்லை என்று தோன்றிற்று. செல்விக்கு இப்படித்தானே இருந்திருக்கும். இவ்வளவு நாளாக நம் வீட்டிலும் நாம் இதையேதானே செய்துகொண்டிருந்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு வயிற்றில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

திரும்பும் வண்டி தாமதம். அவள் ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தபோது கோயில் மணி அடித்து ஓய்ந்துவிட்டது. வாசலில் முனியம்மாள் கரி அடுப்பை விசிறிக்கொண்டிருந்தாள். கம்பி சிவந்துவிட்டிருந்தது. தேவசகாயம் காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். கதவு சாத்தியிருந்தது. செல்வி உள்ளே.

"மண்ணு கெடச்சிதா?" என்றாள் முனியம்மாள்.

அமல்ராணி மண் முடிந்திருந்த முந்தானை முடிச்சை அவிழ்க்கவில்லை. கதவுக்கு முன்னால் போய் நின்றாள். இத்தனை நாளும் அவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்துதான் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள். வெளியே நின்று கேட்பது இதுதான் முதல் தடவை. பலகையின் அடியிலிருந்து வந்தது. ஒரு மோதல். பிறகு நிசப்தம். மறுபடி ஒரு மோதல். ஒவ்வொரு மோதலோடும் மெல்லிசாக இன்னொரு ஓசை. கண்ணாடி வளையல் குலுங்கும் ஓசை. செல்வியின் கைகள் வெறுங்கைகள். முனியம்மாளின் கையிலிருந்த விசிறி நின்றுவிட்டது. அவளுக்கும் கேட்டிருக்கிறது.

அமல்ராணி கதவில் கை வைத்தாள். தேவசகாயம் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தான்.

"அமலு, கொரல் குடுக்காத. உள்ள வந்துடுவா. கொழந்தைக்கு ஒடம்பு சரியில்ல."

"வரட்டுங்க. வந்தா எங்க அக்காதான வருவா" என்றாள் அவள். "இவ்ளோ நாளா அந்தப் பொண்ணு கதவத் தொறக்கச் சொல்லிக் கேட்டுக்கினு இருக்குது. நாம ஒக்காந்து வேடிக்க பார்த்துக்கினு இருந்தோம். விடுங்க என்னை."

அவன் பிடி தளர்ந்தது. தோளில் கிடந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டு விலகி நின்றான்.

"அக்கா" என்று கதவுக்கு வாய் வைத்துக் கூப்பிட்டாள் அமல்ராணி. "அக்கா, நான்தான் அமலு. வந்துட்டேன். கதவத் தொறக்கறேன்."

தட்டல் நின்றது. உள்ளே மூச்சு வாங்கும் சத்தம். அவள் கதவை மெல்லத் தள்ளினாள். பிள்ளையின் உடம்பு அதன்மேல் சாய்ந்திருந்தது. அதைத் தள்ளித் திறக்க அவளுக்கும்தான் மனசு வரவில்லை. ஆனாலும் விடவில்லை. அங்குலம் அங்குலமாகத் தள்ளி, இடுக்கு வழியாகக் கையை விட்டுப் பிள்ளையின் தலையைத் தாங்கிக்கொண்டு, உடம்பை ஒடுக்கி உள்ளே நுழைந்தாள். வெளிச்சம் அவளோடு கூடவே உள்ளே வந்தது.

செல்வி படுத்தபடியே இருந்தாள். இடது கை இன்னும் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. அமல்ராணிக்கு இப்போதுதான் விளங்கிற்று. தொங்கும் அந்தக் கை செல்வியுடையது இல்லை. பிடித்துக்கொண்டிருக்கும் கைதான் செல்வியுடையது. பக்கத்தில் உட்கார்ந்து தொங்கும் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வாங்கிக்கொண்டாள். பிணத்தின் கை போல ஐஸாக இருந்தது.

"விட்டுடும்மா. நான் புடிச்சிக்கிறேன். நீ தட்னது போதும்."

பிள்ளை விடவில்லை. கண்ணை மட்டும் திருப்பித் திறந்த கதவைப் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் வாசல், அடுப்பு, பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு அழுகிற தேவசகாயம், எல்லாவற்றையும் வெகு நேரம் பார்த்தாள். பிறகு இடது கை விரல்கள் ஒன்றொன்றாக விட்டன.

"அம்மா வாயத் தொறக்காதன்னாங்க" என்றாள். இத்தனை நாள் அடைந்து கிடந்த குரல் கரகரத்தது. "கொரல் குடுத்தா அவ வந்துடுவா, கதவு தொறக்கற வரிக்கும் பேசாத, தட்டு மட்டும்னாங்க."

"சரிம்மா."

"அம்மாக்குக் கை தூக்க முடியல. நான் புடிச்சிக்கினு தட்னேன். அப்பறம் அம்மா கை ஜில்லுன்னு ஆயிட்ச்சி. அப்பவும் தட்னேன்."

வாசலில் முனியம்மாள் சிவந்த கம்பியைத் தண்ணீர்க் குடத்துக்குள் விட்டாள். சொய்ங் என்று ஆவி எழும்பிற்று. அமல்ராணியின் கைக்குள் இருந்த கையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஏறத் தொடங்கியது. மச்சமிருந்த விரல் அசைந்து அவள் விரலைப் பிடித்தது. பிள்ளை அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்துக் கேட்டாள்.

"ஏன் சின்னம்மா இவ்ளோ நேரம்?"